75 சதவிகிதத்துக்கு வெளியே நிற்பவர்கள்

சிறுநீரகம் செயலிழந்த ஒரு கல்லூரி மாணவியை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு முறையாவது அவளுக்கு டயாலிசிஸ் செய்தாக வேண்டும். மெஷினோடு நான்கு மணி நேரம், போக வர பஸ் பயணம், முடிந்த பிறகு எழுந்து உட்காரவும் முடியாத அசதி என அன்றைய பொழுது முழுவதும் போய்விடும். செமஸ்டருக்கு 90 வேலைநாட்கள், அதாவது 18 வாரங்கள் என்று வைத்துக்கொண்டால், சிகிச்சைக்கே 36 நாட்கள் போய்விடும். மிச்சம் 54. அவளுடைய வருகைப்பதிவு 60 சதவிகிதம்.

நம் பல்கலைக்கழகங்களில் 75 சதவிகித வருகை இருந்தால்தான் தேர்வு எழுதலாம். 65-க்கு மேல் இருந்தால் மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, வருகைக் குறைவை மன்னிப்பதற்கான ‘கண்டனேஷன்’ கட்டணமும் கட்டி எழுதலாம். நோயாளியிடம் எதற்குக் கட்டணம் என்று யாரும் கேட்பதில்லை. 65-க்கும் கீழே போனால், பெரும்பாலான இடங்களில் ஹால் டிக்கெட் கிடையாது. பல இடங்களில் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டும். ஒரு வகுப்பைக்கூட கட் அடிக்காத பெண்ணுக்கும் இதே கதிதான். திரும்பப் படித்தால் மட்டும் என்ன ஆகும்? அடுத்த வருடமும் டயாலிசிஸ் உண்டு. அதே 60 சதவிகிதம்தான் வரும்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் அவளுக்கு டயாலிசிஸ் செய்துகொள்ள முடிகிறது. அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அவள் பிழைக்கவும் படிக்கவும் மக்கள் பணத்தில் இவ்வளவும் செய்துவிட்டு, தேர்வு அறை வாசலில் வருகைப்பதிவைக் காட்டித் திருப்பி அனுப்புவதை எப்படி ஏற்றுக்கொள்வது?

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. தலசீமியாவும் ஹீமோபிலியாவும் மனநோயும் அதில் உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு இல்லை, புற்றுநோயும் இல்லை. பட்டியலில் இடம்பெறாத நோயோடு படிப்பவர்கள் துறைத்தலைவரின் நல்ல மனசை நம்பித்தான் காலம் தள்ளுகிறார்கள். நோட்ஸ் அனுப்பி, தனியாக டெஸ்ட் வைத்து, கல்லூரி முதல்வரிடம் வாதாடிக் கையெழுத்து வாங்கித் தரும் பேராசிரியர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களை வணங்குகிறோம். ஆனால், அப்படி ஒருவர் மாறுதலாகிப் போய்விட்டால், அந்த மாணவரின் படிப்பு என்ன ஆவது?

பட்டியலில் இருப்பவர்களின் பாடும் லேசானதல்ல. பார்வையற்ற மாணவர்கள் தேர்வு எழுத உதவியாளர் வேண்டும். ‘ஸ்க்ரைப்’ கிடைத்துவிட்டாரா என்பதுதான் தேர்வு நெருங்கும்போது அவர்களுக்குள் நடக்கும் பேச்சு. மற்றவர்கள் ரிவிஷன் செய்யும் நேரத்தில், இவர்கள் போன் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். வருகிறேன் என்றவர் அன்று காலையில் வராமல் போவதும் உண்டு. வந்தவருக்குப் பாடத்தின் கலைச்சொற்கள் பிடிபடாமல், எழுத்தெழுத்தாகச் சொல்லி எழுத வைப்பதிலேயே நேரம் கரைவதும் உண்டு. உதவியாளர்கள் குழுவைத் தேர்வு நடத்தும் அமைப்பே அமைக்கலாம், மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தர வேண்டும் என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் 2018-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும், உதவியாளரைத் தேடும் வேலை இன்னும் மாணவர் தலையில்தான் விழுகிறது.

எழுதும்போது கை விரல்கள் இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒருவர் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்தது. 40 சதவிகிதக் குறைபாட்டுக்கான சான்றிதழ் இல்லை என்ற காரணத்துக்காக எழுத்து உதவியாளரை மறுக்கக் கூடாது என்றது. தேவை இருப்பவருக்கு ஏற்பாடு செய்து கொடுப்பது கருணையால் தரும் சலுகை ஆகாது, அது அவருடைய உரிமை என்ற பார்வை அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. நம் கல்லூரி அலுவலகங்களுக்கு அந்தப் பார்வை இன்னும் வந்து சேரவில்லை.

வறுமையும் இப்படித்தான் வருகைப்பதிவைக் குறைக்கிறது. இரவு முழுக்க கேட்டரிங் வேலை பார்த்துவிட்டு வரும் பையன் முதல் பீரியடில் தூங்கி விழுகிறான். இல்லையென்றால் வருவதே இல்லை. அம்மா படுத்துவிட்டால் வீட்டைப் பார்ப்பது மகள்தான். அதற்கு எந்த டாக்டரும் சான்றிதழ் தரமாட்டார். இரண்டு ஷிஃப்ட் நடக்கும் அரசுக் கலைக் கல்லூரிகளில், இப்படிப்பட்டவர்கள் செமஸ்டர் நடுவிலும் ஷிஃப்ட் மாறிக்கொள்ள அனுமதித்தாலே பலர் படிப்பை விடாமல் இருப்பார்கள்.

விதியைத் தளர்த்தினால் ஒழுக்கம் கெடும், போலிச் சான்றிதழ்கள் குவியும் என்ற அச்சம் நியாயமானதே. போலியைச் சரிபார்க்க அரசு மருத்துவமனை இருக்கிறது. வாரா வாரம் டயாலிசிஸ் செய்த பதிவு அங்கேயே கிடைக்கும். விதியைத் தளர்த்தியதற்கு முன்னுதாரணமும் இருக்கிறது. கேரளாவில் 2023 ஜனவரியில், மாதவிடாய்க் காலத்தைக் கணக்கில் கொண்டு மாணவிகளுக்கு 73 சதவிகித வருகை போதும் என்று அறிவித்தார்கள். 18 வயது நிறைந்த மாணவிகளுக்கு 60 நாள் வரை மகப்பேறு விடுப்பும் தந்தார்கள். மாதவிடாய்க்கான அந்தத் தளர்வு, ஒரு மாணவர் அமைப்பு கோரிக்கை வைத்து, ஒரு பல்கலைக்கழகம் தொடங்கி வைத்த மாற்றம்.

தமிழக உயர்கல்வித் துறைக்கும் துணைவேந்தர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தொடர் சிகிச்சையில் இருப்பவர்களுக்கு 65 சதவிகிதம் என்ற தடையை நீக்குங்கள். கண்டனேஷன் கட்டணத்தை அவர்களிடம் வாங்காதீர்கள். எழுத்து உதவியாளர் பட்டியலை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் பொறுப்பில் வைத்திருக்கட்டும். படியேற முடியாத ஒருவர் படிக்கும் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். அடுத்த செமஸ்டருக்கான ஹால் டிக்கெட் அச்சாவதற்கு முன்பே இதற்கான ஆணைகள் வரட்டும்.