வேலைக்குப் போகுமுன் வேடிக்கை பார்க்கப் போவோம்!

'கெட்டும் பட்டணம் சேர்' என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அதை அப்படியே கடைப்பிடித்தும் வருகிறோம். மழை பொய்த்தால் பட்டணம். மக்காச்சோளம் கைவிட்டால் பட்டணம். டிப்ளமோ முடித்தாலும் பட்டணம். ஆனால் அன்பு நண்பர்களே, ஒரு காரியமும் இல்லாமல், சும்மா அந்தப் பட்டணத்தைப் பார்க்க நம்மில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? அப்படிப் போக வேண்டும் என்பதுதான் என் கட்சி.

இந்த எண்ணம் வந்ததற்குக் காரணம் எங்கள் தெரு அக்கா ஒருவர். டிப்ளமோவில் நல்ல மார்க் வாங்கி, சென்னைப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தார். 23ஆம் நாள் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டார். வேலை கஷ்டமா என்று கேட்டேன். "வேலை ஒண்ணும் இல்லடி. ரூம விட்டு வெளிய வந்தா எந்தப் பக்கம் போறதுன்னே தெரியல. பஸ்ஸுல ஏறவே பயமா இருந்துச்சு" என்றார். படிப்பு குறைவில்லை. ஊர் தெரியவில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறார்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அடுத்த வருஷம் எனக்கும் அதே கதிதானோ என்று பயம் பிடித்துக்கொண்டது. செமஸ்டர் லீவில் மெல்லக் கேட்டேன். "மெட்ராஸ் போய் ஒரு நாள் சுத்திப் பாத்துட்டு வரட்டுமா?"

"காசு என்ன மரத்துலயா காய்க்குது? பொட்டப்புள்ள தனியா எங்க போற?" என்றார் அம்மா.

"நான் கூடப் போறேன்" என்றார் அப்பா. அப்பா சென்னையில் 14 வருஷம் கட்டட வேலை பார்த்தவர். கையாளாகப் போய்க் கொத்தனாராகத் திரும்பியவர். "உங்களுக்குத் தெரியாத எடமாப்பா?" என்றேன். "எனக்குத் தெரிஞ்சது எழும்பூர் ஸ்டேஷன், சைட்டு, சைட்டுல தகரக் கொட்டாய். அவ்வளவுதான் பாப்பா" என்றார்.

அரியலூரில் இரவு ரயில், முன்பதிவில்லாப் பெட்டி. கட்டுச்சோறு, தண்ணீர் பாட்டில். விடியும் முன் எழும்பூர். ஸ்டேஷனிலேயே முகம் கழுவி, வெயில் வந்ததும் 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கு நடந்தோம். கதவு பூட்டியிருந்தது! வெள்ளிக்கிழமை விடுமுறையாம். விசாரிக்காமல் வந்தது என் தப்பு. அப்பா சிரித்துக்கொண்டே, "நம்ம சாத்தனூர்ல மரமே கல்லாக் கெடக்குதே, அதைப் பாத்தியா நீ?" என்றார். பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டேன். சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்திய, 18 மீட்டர் நீளக் கல்மரம். 1940இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டு சொன்னது. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரம்தான். அதையே பார்க்காதவள் சென்னைக்கு வந்து நிற்கிறேன்! (திரும்பி வந்த வாரமே போய்ப் பார்த்துவிட்டேன்.)

அங்கிருந்து சென்ட்ரல் வரை நடந்தோம். 1913இல் திறந்த வெள்ளை ரிப்பன் கட்டடமும் பக்கத்தில் செங்கல் நிறச் சென்ட்ரல் நிலையமும் கண்ணை நிறைத்தன. சிவில் படிக்கும் எனக்கு வளைவு என்றால் புத்தகத்தில் போட்ட கோடு. அப்பாவோ ரிப்பன் கட்டடத்து ஜன்னல் வளைவுகளைக் காட்டி, "இதுக்குச் சாரம் கட்டுனவன் கெட்டிக்காரன். சுண்ணாம்புக் காரையிலயே நிறுத்தியிருக்கான் பாரு" என்றார். ஒரு செமஸ்டர் பாடம் பத்து நிமிஷத்தில் புரிந்தது.

பிறகு பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்பது தெரிந்ததே. அன்று முழுக்க அந்தப் பஸ்களிலேயே ஏறியதால் எனக்குப் பஸ் செலவு ஒரு ரூபாய்கூட ஆகவில்லை! முதல் பஸ்ஸில் ஏறும்போது எனக்கும் கை நடுங்கியது. மூன்றாவது பஸ்ஸில் நானே போர்டைப் படித்து, கண்டக்டரைக் கேட்டு, அப்பாவுக்கு இடம் பிடித்தேன். ஒரு சூட்சுமம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் கடல் கிழக்கே. அது ஒன்று மனதில் இருந்தால் பாதி திசை தெரிந்த மாதிரி.

மெரினாவில் உழைப்பாளர் சிலைமுன் அப்பா நகரவே இல்லை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959இல் திறக்கப்பட்டது. நான்கு பேர் பாறையை நெம்பும் சிலை. "நெம்புறவன் காலு இப்படித்தான் ஊனும். செஞ்சவரு நின்னு பாத்திருக்காரு" என்றார். இந்தியாவின் முதல் மே தினத்தை 1923இல் சிங்காரவேலர் சென்னையில்தான் கொண்டாடினார் என்று நான் சொன்னேன். அப்பாவுக்கு அது புதுச் செய்தி. இத்தனை வருஷம் இதே ஊரில் உழைத்தவருக்கு இந்தச் சிலையைப் பார்க்க ஒரு சாயங்காலம் கிடைக்கவில்லையே!

அண்ணா சாலையில், அதே 1959இல் திறந்த 14 மாடி எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகும்போது, அப்பா பஸ்ஸிலிருந்து அவசரமாக இறங்கினார். எதிரே கண்ணாடி போட்ட ஒரு பெரிய கட்டடம். "அஞ்சாவது மாடித் தளம் நாங்க போட்டது. நம்ம அரியலூர் மூட்டைதான் அத்தனையும்" என்றார். வாசலில் காவலாளி. நாங்கள் எதிர் நடைபாதையிலேயே நின்றோம். "உள்ள போய்ப் பாத்ததே இல்லையாப்பா?" என்றேன். "கண்ணாடி மாட்டுனப்புறம் நமக்கு உள்ள என்ன வேலை?" என்றார். எனக்குப் பேச்சு வரவில்லை.

ஆனால் எந்தக் காவலாளியும் தடுக்காத இடமும் உண்டு. கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகம். ஒன்பது தளம், உட்கார்ந்து படிக்கக் கட்டணம் கிடையாது. என் பாடப் புத்தகங்களின் பெரிய அண்ணன்களை எல்லாம் அங்கே பார்த்தேன். அப்பா ஏ.சி.யில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

குறை இல்லையா என்றால், உண்டு. பல இடங்களில் நடைபாதை உடைந்து கிடக்கிறது. மெட்ரோ வேலைக்காகத் தோண்டிய இடத்தில் சுற்றிப் போக வேண்டியிருந்தது. பெண்களுக்குக் கழிப்பிடம் தேடுவது பெரும்பாடு. அதையும் நடந்து பார்த்தால்தான் தெரியும். நாளைக்கு நாம்தானே இதையெல்லாம் கட்டப் போகிறவர்கள்!

'டூர்' என்றால் நாம் வேனில் ஏறி, பாட்டுப் போட்டு, தீம் பார்க்கில் இறங்கித் திரும்புகிறோம். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதில் வழி கேட்கும் தைரியம் வராது. மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இதுதான்: இரண்டாம் ஆண்டில் ஒவ்வொரு மாணவரும், மாணவியும், நாலைந்து பேராகச் சேர்ந்து, சாதாரண ரயிலிலும் பஸ்ஸிலும் ஒரு நாள் ஒரு பெரிய நகரத்தைச் சுற்றிவர ஏற்பாடு செய்யுங்கள். கம்பெனி வாசலில் பயோடேட்டாவோடு நிற்கும்போது அந்த ஊர் நமக்கு அந்நியமாக இருக்கக் கூடாது. வேலை தேடிப் போகிறவன் தரையைப் பார்த்து நடக்கிறான். வேடிக்கை பார்க்கப் போகிறவன்தான் நிமிர்ந்து பார்க்கிறான். முதல் தடவையாவது நாம் நிமிர்ந்து போவோம்.

ரயிலில் திரும்பும்போது அப்பா சொன்னார்: "அடுத்த தடவ வெள்ளிக்கிழமை வேணாம் பாப்பா."

அடுத்த தடவை அந்த அக்காவையும் கூப்பிட்டிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

– கட்டடவியல் இரண்டாம் ஆண்டு மாணவி