நெற்றியில் வெள்ளைப் பொட்டு... மிசோரம் நாட்டுப்பன்றிக்கு வந்த சோதனை!

உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. வயிற்றிலும் காலிலும் அங்கங்கே வெள்ளைத் திட்டு. தொந்தி தரையைத் தொடப் பார்க்கும். இதுதான் மிசோரம் மாநிலத்தின் நாட்டுப்பன்றி. பெயர் 'சோவாக்'. மிசோ மொழியில் வாக் என்றால் பன்றி.

வெண்பன்றி மாதிரி இது கிடுகிடுவென்று எடை போடாது. குட்டியும் குறைவுதான். அப்புறம் எதற்கு வளர்க்கிறார்கள்? தீவனச் செலவு இல்லை, அதனால்தான். சமையல்கட்டு மிச்சம், சர்க்கரைவள்ளிக்கொடி, காட்டுக்கீரை கிடைத்தால் போதும். கையில் காசில்லாத மலைவாசிக்கு இதுதான் உண்டியல். பிள்ளைக்கு பீஸ் கட்டணுமா, கல்யாணச் செலவா, ஒன்றைப் பிடித்து விற்றுவிடலாம்.

இந்த உண்டியலைத்தான் 2021 மார்ச்சில் ஆப்பிரிக்க பன்றிக்காய்ச்சல் உடைத்தது. அந்த ஒரே ஆண்டில் மிசோரத்தில் 30 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் செத்தன. அதன்பிறகும் நோய் விடவில்லை. திரும்பத் திரும்ப வந்தது. மனிதர்களை இது தொற்றாது. ஆனால் பன்றிக்கு வந்தால் பிழைப்பது அபூர்வம், மருந்தும் கிடையாது. நம்ம முதுமலையில் 2023 ஜனவரியில் காட்டுப்பன்றிகள் செத்து விழுந்ததும் இதே நோயால்தான்.

கொடுமை என்னவென்றால், எந்த மிச்சச் சோறு இந்தப் பன்றியை ஏழை வீட்டுப் பன்றி ஆக்கியதோ, அதே சோற்றில்தான் வைரஸும் வருகிறது. நோய்ப்பன்றியின் இறைச்சித் துண்டு ஒன்று தொட்டியில் விழுந்தால் போதும், பட்டியே காலி. நன்றாகக் கொதிக்க வைத்தால் வைரஸ் சாகும். மிசோ வீடுகளில் பன்றித் தீவனத்தை பெரிய பானையில் வேகவைப்பது பழைய பழக்கம்தான். அவசரத்தில் அப்படியே கொட்டும் வீட்டில்தான் வினை.

நோய் உறுதியானால் சுற்றி 1 கிலோ மீட்டருக்குள் இருக்கும் பன்றிகளை அழிக்க வேண்டும் என்பது விதி. தப்பே சொல்ல முடியாது. ஆனால் நஷ்டஈடு கைக்கு வந்ததும் அந்த விவசாயி எதை வாங்குவார்? சீக்கிரம் எடை போடும் கலப்பினக் குட்டியைத்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன், கடன் கழுத்தை நெரிக்குமே! சோவாக் குட்டி வேண்டும் என்றாலும், பக்கத்து ஊரில் தாய்ப்பன்றி மிஞ்சியிருந்தால்தானே கிடைக்கும்?

நஷ்டஈட்டோடு சோவாக் குட்டி ஒன்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஊருக்கு நாலு வீட்டிலாவது இந்த இனம் நிற்கும். அதற்கு நோய் எட்டாத இடத்தில் தாய்ப்பன்றிகளை இப்போதே தனியாக வைத்துக் காக்க வேண்டும்.