குத்தும் இடம் மாறட்டும்

தவறாமல் இன்சுலின் போட்டும் சர்க்கரை அடங்கவில்லையா? கோளாறு ஊசி குத்தும் இடத்திலும் இருக்கலாம். தினமும் ஒரே இடத்தில் குத்தினால் தோலுக்கு அடியில் கொழுப்பு திரண்டு கட்டியாகிவிடும். அங்கே வலி குறைவு என்பதால் நோயாளிகள் அதே இடத்தையே தேடிப் போகிறார்கள். ஆனால் கட்டிக்குள் போகும் இன்சுலின் ரத்தத்தில் சீராகக் கலப்பதில்லை. சர்க்கரை ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். டோஸ் மட்டும் கூடிக்கொண்டே போகும்.

தடுப்பது எளிது. தொப்புளைச் சற்று விலக்கி, வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, வாரத்துக்கு ஒரு பாகத்தில் போடலாம். ஒவ்வொரு முறையும் முந்தைய இடத்திலிருந்து குறைந்தது 1 செ.மீ. தள்ளிக் குத்த வேண்டும். தொடையிலும் போடலாம். ஊசியைத் திரும்பப் பயன்படுத்தினால் முனை மழுங்கித் தோலைப் புண்ணாக்கும், கட்டிக்கும் வழிவகுக்கும். இன்சுலின் பேனாவுக்கு 4 மி.மீ. ஊசியே பெரும்பாலோருக்குப் போதும்.

விரலால் தடவிப் பார்த்தாலே கட்டி தட்டுப்படும். அங்கே குத்துவதை நிறுத்தினால் அது மெல்லக் கரையும், மாதக்கணக்கில் ஆகலாம். ஆனால் ஓர் எச்சரிக்கை: கட்டியில் போட்டுவந்த அதே டோஸை நல்ல இடத்தில் போட்டால் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். இடத்தை மாற்றும் முன் டோஸைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது அவசியம்.