எந்திரம் வந்தது, அறிவு யாருக்குப் போனது?

1979ஆம் ஆண்டு வங்கதேசத்திலிருந்து 130 பேர் தென்கொரியாவின் பூசான் நகருக்குப் போனார்கள். டேவூ நிறுவனத்தின் ஆடை ஆலையில் ஆறு மாதப் பயிற்சி. அவர்களை அனுப்பியது சிட்டகாங்கில் தொடங்கப்படவிருந்த தேஷ் கார்மென்ட்ஸ் என்ற நிறுவனம். டேவூ இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. பணக்கார நாடுகள் கொரிய ஆடைகளுக்கு இறக்குமதி வரம்பு விதித்திருந்தன. வரம்பு இல்லாத இன்னொரு நாட்டில் தைத்து அனுப்ப அதற்கு ஓர் இடம் தேவைப்பட்டது.

போனவர்கள் வெட்டவும் தைக்கவும் மட்டும் கற்றுவரவில்லை. தரம் பார்ப்பது, ஆலையை நடத்துவது, வெளிநாட்டு வியாபாரியிடம் பேசுவது என எல்லாம் கற்றார்கள். கையிலுள்ள ஏற்றுமதி ஆர்டரைக் காட்டி வங்கியில் கடன் பெற்றுத் துணி இறக்குமதி செய்யும் முறையும், அந்தத் துணியை வரி கட்டாமல் சுங்கக் கிடங்கில் வைத்துக்கொள்ளும் முறையும் அந்தக் கூட்டின் வழியாகவே வங்கதேசத்தில் வேரூன்றின. 1980இல் ஆலை ஓடத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் அந்த 130 பேரில் 115 பேர் வேலையை விட்டு வெளியேறினார்கள். சிலர் சொந்த ஆலை தொடங்கினார்கள், சிலர் மற்றவர்களின் புதிய ஆலைகளை நிறுத்திக் கொடுத்தார்கள். இன்று வங்கதேசம் உலகின் முன்னணி ஆடை ஏற்றுமதி நாடுகளில் ஒன்று.

வளரும் நாடுகளுக்குத் தொழில்நுட்பத்தைக் கொடு என்று நாம் கேட்கிறோம். தடுப்பூசி ஆனாலும் சூரியத் தகடு ஆனாலும் அந்தக் கோரிக்கை நியாயமானதே. ஆனால் தேஷ் ஆலையின் கதை சொல்வது என்ன? தொழில்நுட்பம் எந்திரப் பெட்டிக்குள் வருவதில்லை. அது ஆட்களின் தலைக்குள்ளும் கைக்குள்ளும் வருகிறது. யாருக்குக் கற்றுக்கொடுத்தார்களோ அவர் முதலாளியாகிறார். கற்றுக்கொடுக்கப்படாதவர் அதே எந்திரத்தின் முன்னால் கூலியாக உட்காருகிறார். 2013இல் ராணா பிளாசா கட்டடம் இடிந்தபோது 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விரிசலைப் பார்த்த பிறகும் உள்ளே அனுப்பப்பட்டவர்கள் இந்த இரண்டாம் வகையினர்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். இங்கே அந்தப் பிரிவினைக்கு ஒரு பெயர் உண்டு. சாதி.

சென்னை ஐ.ஐ.டி. 1959இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. ஜெர்மன் பேராசிரியர்கள் வந்தார்கள், ஆய்வகக் கருவிகள் வந்தன, இங்கிருந்து ஆசிரியர்கள் அங்கே பயிற்சிக்குப் போனார்கள். சுதந்திர இந்தியா பெற்ற பெரிய தொழில்நுட்பக் கைமாற்றங்களில் ஒன்று இது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி.க்களில் இடஒதுக்கீடு வந்தது 1973இல். பிற்படுத்தப்பட்டோருக்கு 2008இல். வகுப்புவாரி உரிமை அரசாணை பிறந்த இதே சென்னையில்தான் இந்த நிலை. ஜெர்மனியிலிருந்து சென்னை வரை வந்த அறிவுக்கு, சென்னைக்குள் இருக்கும் சேரிக்குப் போய்ச் சேர அத்தனை ஆண்டுகள் ஆயின.

இன்னொன்றையும் யோசியுங்கள். அறிவு எப்போதும் மேலிருந்தும் வெளியிலிருந்தும்தான் வருகிறதா? தோலைப் பதப்படுத்தும் அறிவு தலைமுறை தலைமுறையாக யாரிடம் இருந்தது? அந்த அறிவுக்காகவே அவர்களைத் தீட்டு என்று ஊருக்கு வெளியே வைத்தது இந்தச் சமூகம். 1948இல் அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1970களில் வெறும் பதனிட்ட தோலை அனுப்புவதைக் குறைத்து, முழுமையாக்கிய தோலையும் செருப்பையும் ஏற்றுமதி செய்ய அரசு தொழிலைத் திருப்பியது. லாபம் வந்ததும் தோலின் தீட்டு போய்விட்டது. தொட்டிக்குள் இறங்கும் கை மட்டும் மாறவில்லை. தொழில் நவீனமானது, சாதி அப்படியே இருந்தது.

‘திறமை இருந்தால் யாரும் தொழில் தொடங்கலாமே’ என்பார்கள். தேஷ் ஆலையின் 115 பேருக்குத் திறமை பிறவியில் வரவில்லை. ஆறு மாதம் சம்பளத்தோடு ஒருவர் கற்றுக்கொடுத்தார், சந்தை காத்திருந்தது, வங்கி கதவைத் திறந்தது. இந்த மூன்றும்தான் ‘திறமை’. ஒடுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்படுவதும் இந்த மூன்றுதான். ஒன்றிய அரசின் 2012ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கைப்படி, அரசு நிறுவனங்கள் வாங்கும் பொருட்களில் 4 விழுக்காடு பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு நிறுவனங்களிடமிருந்து வர வேண்டும். நடைமுறையில் வாங்கப்படுவது அதைவிட மிகக் குறைவு.

தமிழ்நாட்டில் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு முதலீட்டு மானியம் தருகிறது. சென்னையில் கழிவுநீர் அகற்றும் நவீன வாகனங்களுக்குத் தூய்மைப் பணியாளர்களையே உரிமையாளர்களாக்கும் முயற்சியும் தொடங்கியிருக்கிறது. இதை வரவேற்கிறோம். குழிக்குள் இறங்கிச் செத்தவர்களின் பிள்ளைகள் எந்திரத்துக்கு உரிமையாளராவது சின்ன விஷயம் அல்ல. ஆனால் ஒரு கேள்வி தொண்டையில் நிற்கிறது. சாக்கடைக்கு முதலாளியாகலாம், சரி. சிப் தயாரிப்புக்கும் மின்வாகன ஆலைக்கும் எப்போது? எந்திரம் புதிதாகி, பரம்பரைத் தொழில் பழையபடியே இருந்தால் அது விடுதலை ஆகாது, பாதி வழிதான்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. இனி எந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு அரசு நிலமும் மானியமும் வரிச்சலுகையும் கொடுத்தாலும், பயிற்சிக்கு யார் அனுப்பப்படுகிறார்கள் என்ற பட்டியலைச் சமூகவாரியாக வெளியிட வேண்டும். அதில் இடஒதுக்கீடு வேண்டும். பொது ஆய்வகங்கள் கண்டுபிடித்த தொழில்நுட்பத்தின் உரிமம், ஒடுக்கப்பட்ட சமூகங்களின் தொழில்முனைவோருக்குக் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். 4 விழுக்காட்டை எட்டாத நிறுவனம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அடுத்த முறை ஒப்பந்தம் கையெழுத்தாகும் படம் செய்தியில் வரும்போது, எத்தனை ஆயிரம் கோடி என்று மட்டும் பார்க்காதீர்கள், தோழர்களே. பூசானுக்கு விமானம் ஏறப்போகும் அந்த 130 பேர் யார் என்று கேளுங்கள்.