துணைநிற்றலும் எல்லையும்

கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தானாக, அவனை முன்பு கண்டறியாத பிசிராந்தையார் பாண்டிநாட்டினின்றும் வந்து அவனோடு உயிர்நீத்த வரலாற்றைத் தமிழ் பயிலும் நாம் வியந்து போற்றுகின்றோம். அது போற்றத்தக்கதே. ஆயின் அதனையே அளவுகோலாகக் கொண்டு, பிறர் துயரில் தம்மை முற்றுங் கரைத்துக்கொள்ளாதாரை அன்பிலார் என்று இகழ்தல் முறையன்று. அவ்விகழ்ச்சிக்கு அஞ்சித் தம் வலிவுக்கு மேற்பட்ட சுமையைத் தாங்குவோர் நம்மிடைப் பலர்.

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதித் தொழிற்சாலைகளில் நம் வயதொத்த பெண்கள் பல்லாயிரவர் தொலைவூர்களினின்றும் வந்து, விடுதிகளில் தங்கி உழைக்கின்றனர். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பெற்ற விடுதித் தொகுதியில் மாத்திரம் 18,720 பேர் தங்கலாம், அறைக்கு அறுவர். அறுவர் கூடிய அறையில், பிறர் கூறுவதைப் பொறுமையுடன் கேட்பவள் ஒருத்தி இருப்பாள். தந்தையின் குடி, அடையாத கடன், வீட்டார் பார்க்கும் வரன், முறிந்த காதல் எல்லாம் அவளிடமே வந்து சேரும். விடியற்காலை ஷிப்டுக்குச் செல்லவேண்டியவள் இரவு இரண்டு மணிவரை விழித்திருப்பாள். 'எனக்கு உறக்கம் வருகிறது, நாளை பேசுவோம்' என்றால் கல்நெஞ்சக்காரி என்னும் பெயர் வந்துவிடுமே! (தோழிக்குக் கைம்மாற்றுக் கொடுத்துவிட்டு, ஊருக்குப் பணம் அனுப்ப இயலாமல் விழிப்பவளும் பெரும்பாலும் இவளே.) உறங்காதவள் மறுநாள் எந்திரத்தின்முன் தலைசாய்வாள், சின்னாளில் தோழியின் குரல் கேட்டாலே எரிச்சலுறுவாள், பின் ஒருநாள் முற்றும் விலகிவிடுவாள். எல்லை வகுத்தவளோ அடுத்த ஆண்டும் கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்றியும், துயரங்கள் யாவும் தோழியொருத்தி தாங்குதற்கு உரியனவல்ல. 2021 டிசம்பரில், பாக்ஸ்கான் தொழிற்சாலைப் பெண்கள் தங்கியிருந்த பூந்தமல்லி விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றைம்பதின்மருக்கு மேற்பட்டோர் மருத்துவமனை சேர்ந்தனர். நோயுற்றவளுக்குக் கஞ்சி கொடுத்து அருகிருத்தல் அறைத்தோழியின் கடமை. விடுதி உணவைச் செப்பஞ்செய்தல் அவளால் ஆவதன்று. அப்பெண்கள் சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் திரண்டமர்ந்து, அச்சுமையை அதற்குரியாரிடம் வைத்தனர். சிலர் இறந்துபட்டனர் என்னும் வதந்தியும் அன்று பரவிற்று. அது மெய்யன்றென அதிகாரிகள் விளக்கினர். நோயாளிகளின் நிலையை உடனுக்குடன் அறிவித்திருப்பின் வதந்திக்கு இடமேது? பின்னர்க் கம்பெனி வருத்தந் தெரிவித்தது. விடுதிகள் தன் தரத்திற்கு ஒவ்வாதனவென ஆப்பிள் நிறுவனமும் ஒப்பிற்று. 2022 ஜனவரி 12-ஆம் நாளிலேதான் ஆலை மீளத் திறந்தது. அறைக்குள் அழுதுகொண்டிருந்தால் இவை நிகழ்ந்திரா.

நல்ல சமாரியன் உவமையை இளமைமுதல் கேட்டு வருகின்றோம். அவன் காயங்கட்டி, இரவு உடனிருந்து, மறுநாள் சத்திரக்காரனிடம் பொருள்கொடுத்து ஒப்புவித்துத் தன் வழியே சென்றான். திரும்பி வருவதாகவுஞ் சொன்னான். அச்சத்திரக்காரனை நாம் ஏனோ மறந்துவிடுகின்றோம்.

நம் நாளிலும் அத்தகையார் உளர். உயிர்விடக் கருதுவோர்க்குச் செவிசாய்க்கும் 'சிநேகா' என்னும் அமைப்பை மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் நிறுவினார். 2022 அக்டோபர் முதல் 14416 என்னும் எண்ணில் அரசின் மனநல உதவி கிட்டுகின்றது. தோழி உயிர்விடுவதாக நள்ளிரவில் கூறுவாளாயின், அவளைத் தனியே விடலாகாது. தனியொருத்தியாய்க் காவலிருத்தலும் போதாது. காப்பாளரை எழுப்புதல் வேண்டும்; அவ்வெண்ணை அழைத்தல் வேண்டும். 'ஒருவரிடமும் சொல்லாதே' என்று அவள் வாங்கிய வாக்கு அப்பொழுது செல்லாது.

இனி, விடுதி நடத்துவோரிடம் நாம் கேட்கவேண்டுவது ஒன்றுண்டு. கட்டிலும் உணவும் எண்ணி வைப்பவர்கள், துயருற்றாள் ஒருத்தி சென்று பேசுதற்குப் பயிற்சிபெற்ற ஒருவரை ஒவ்வொரு மாடியிலும் வைத்திருக்கின்றனரா? வையாராயின், அவ்வேலை முழுதும் ஊதியமின்றி ஓர் அறைத்தோழியின் தலையிலேயே வீழும்.