பூ வேலை பொழுதுபோக்கா?

ஹங்கேரி நாட்டில் ஒரு கதை சொல்வார்கள்.

ஒரு வாலிபனைப் பிசாசு தூக்கிக்கொண்டு போய்விட்டது. அவனைக் கட்டிக்கொள்ள இருந்த பெண் பிசாசிடம் போய் அழுதாள். "அவரை விட்டுவிடு!" என்று கெஞ்சினாள்.

பிசாசு சிரித்தது. "விட்டுவிடுகிறேன் பெண்ணே! உன் மடி நிறைய ரோஜாப் பூ கொண்டு வா" என்றது.

அப்போது கடும் குளிர்காலம். எங்கே பார்த்தாலும் பனி. ரோஜாவுக்கு எங்கே போவாள்?

வீட்டுக்கு ஓடினாள். ஊசியை எடுத்தாள். இடுப்பில் கட்டும் துணி முழுவதும் ரோஜாப் பூக்களைத் தைத்தாள். அதைக் கட்டிக்கொண்டு பிசாசின் முன் போய் நின்றாள். மடி நிறையப் பூ! பிசாசு என்ன செய்யும்? வாலிபனை விட்டுவிட்டது.

இது கதைதான். ஆனால், கதை பிறந்த ஊர் நிஜம். அந்த ஊருக்கு மெசோகோவெஷ்ட் என்று பெயர். (வாய்க்குள் நுழையவில்லை அல்லவா?) தலைநகர் புடாபெஸ்டுக்குக் கிழக்கே, சுமார் 130 கிலோ மீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கும் பக்கத்து ஊர்களிலும் வாழும் மக்களுக்கு "மாத்யோ" என்று பெயர். அவர்கள் செய்யும் பூ வேலையை, மனித குலத்தின் கலைச் செல்வங்களில் ஒன்றாக 2012ஆம் ஆண்டு யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

இவ்வளவு பெரிய கௌரவம் கிடைத்த கலையை நம்மில் பலர் என்ன சொல்கிறோம்? "வேலை வெட்டி இல்லாத பெண்கள் பொழுதைப் போக்கச் செய்வது" என்கிறோம். இது சுத்தத் தவறு. மாத்யோ பெண்களின் சரித்திரமே அதற்குச் சாட்சி.

வயிற்றுக்காகத் தைத்தார்கள்

அந்தப் பகுதியில் நிலம் குறைவு, ஜனம் அதிகம். வசந்தம் வந்து மரங்கள் பூக்கத் தொடங்கினால் மற்ற ஊர்களில் கொண்டாட்டம். இங்கேயோ பிரிவு! ஆண்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு தூரத்துப் பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். பெண்களும் பலர் கூடப் போவார்கள். இலையுதிர் காலத்தில்தான் திரும்பி வருவார்கள்.

கொண்டு வந்த தானியமும் காசும் குளிர்காலம் முழுவதும் வர வேண்டும். வருமா? அதனால் பெண்கள் ஊசி பிடித்தார்கள். 1896ஆம் ஆண்டு புடாபெஸ்டில் ஒரு பெரிய பொருட்காட்சி நடந்தது. அதில் மெசோகோவெஷ்ட் வீடு ஒன்றை அப்படியே கட்டி வைத்தார்கள். பட்டணத்து மக்கள் பார்த்தார்கள், மயங்கினார்கள். மாத்யோ பூ வேலைக்கு நாடு முழுவதும் கிராக்கி உண்டாயிற்று. வியாபாரிகள் ஊருக்குள் வந்தார்கள். துணியும் நூலும் கொடுத்தார்கள். தைத்து வாங்கிப் போனார்கள். பெயர் பரவியது. பணம் பரவியதா? இல்லை. தைத்த கைக்குச் சொற்பக் கூலிதான் கிடைத்தது.

எப்படித் தைத்தார்கள்?

முதலில் துணியில் படம் வரைய வேண்டும். அதற்கென்றே ஊரில் சில பெண்கள் இருந்தார்கள். அச்சு கிடையாது, மாதிரிப் படம் கிடையாது. மனத்தில் தோன்றியதை நேராகத் துணியில் எழுதுவார்கள். நடுவில் பெரிய ரோஜா, சுற்றிலும் சின்னப் பூக்கள், மொட்டுகள், இலைகள், இடையிடையே இதய வடிவம். இப்படி வரைந்தவர்களில் பெரும் புகழ் பெற்றவர் கிஷ் யாங்கோ போரி என்ற பெண்மணி. 1876இல் பிறந்து 1954இல் மறைந்தார். இவர் வரைந்த "நூறு ரோஜா" விரிப்பு பெயர் பெற்றது. இவருடைய வீடு நினைவு இல்லம் ஆக்கப்பட்டிருக்கிறது.

வரைந்ததை நிரப்புவதுதான் பெரும் பாடு. நூலுக்குப் பக்கத்தில் நூல், இடைவெளி தெரியாமல் ஓட வேண்டும். நம் பெண்கள் "சாட்டின் தையல்" என்று சொல்வார்களே, அந்த வகை. நூலை இறுக்கி இழுத்தால் துணி சுருங்கும். தளர விட்டால் நூல் தொங்கி, வளையலில் மாட்டும். இதழ் பெரிதாக இருந்தால் ஒரே வீச்சில் தைக்க முடியாது. இரண்டு மூன்று வரிசையாகப் பிரித்து, நிறத்தை மாற்றி மாற்றித் தைக்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு பூவைத் தைத்துப் பார்த்தவருக்கும் இது தெரியும். கழுத்து வலிக்கும், கண் எரியும்.

நெருப்பில் போட்டார்கள்

இந்த ஊரில் இன்னொரு விஷயமும் நடந்தது. வயிறு கத்தினாலும் பரவாயில்லை, உடுப்பு ஜொலிக்க வேண்டும் என்று ஒரு பழமொழியே அங்கே உண்டு. தங்க நிற ஜரிகையும் பளபளக்கும் ஜிகினாவும் விலை கொடுத்து வாங்கி உடையில் வைத்தார்கள். ஏழைக் குடும்பங்கள் கடனாளி ஆயின. பாதிரியார்கள் கண்டித்தார்கள். கடைசியில் 1925ஆம் ஆண்டு அந்த ஜிகினாக்களை உடையிலிருந்து பிரித்தெடுத்து, நெருப்பில் போட்டுக் கொளுத்தினார்கள்!

கடன் வாங்கி ஜிகினா வைப்பது சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால், பெண்களின் ஆசையை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்களே, அது நியாயமா? இராப்பகலாகத் தைத்தவளுக்குச் சரியான கூலி கிடைத்திருந்தால், ஒரு முழம் ஜரிகைக்கு அவள் ஏன் கடன் வாங்கப் போகிறாள்?

ஜிகினா எரிந்தது. பூ எரியவில்லை. வெறும் நூலைக் கொண்டே அந்தப் பெண்கள் முன்னைவிட நெருக்கமாக, முன்னைவிடக் கலர் கலராகத் தைத்தார்கள். கடையில் வாங்கிய பளபளப்பு போனதும் கை வேலைதான் மிஞ்சியது. அதுதான் இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு

பத்துப் பூக்கள் கொண்ட ஒரு கொத்து. பூவுக்கு ஐந்து இதழ். இதழுக்கு அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25 மணி நேரம் ஆகிறது. இலையும் காம்பும் தனி. நாளுக்கு எட்டு மணி வீதம் பார்த்தால் மூன்று நாளுக்கு மேல் வேலை. நம் வீட்டுக்கு வருகிற கொத்தனாரிடம் "மூன்று நாள் வேலை செய்யுங்கள், ஒரு நாள் கூலி தருகிறேன்" என்று சொல்ல முடியுமா? அடிக்க வந்துவிடுவார்! தலையணை உறை தைத்துக் கொடுக்கும் பெண்ணிடம் மட்டும் கூசாமல் சொல்கிறோம். அவள் வீட்டிலிருந்து செய்கிறாள், அடுப்பையும் பார்த்துக்கொண்டு செய்கிறாள் என்பதால் அது வேலை இல்லை என்று ஆகிவிடுமா?

இப்போது மெஷின் வந்துவிட்டது. சில நிமிஷத்தில் ஒரு பூவைத் தைத்துத் தள்ளுகிறது. மலிவாகக் கிடைக்கிறது, வேண்டியவர்கள் வாங்கட்டும், தப்பில்லை. ஆனால், மெஷின் பூவைக் கை வேலை என்று சொல்லி விற்பது மோசடி. கை வேலைக்காரியின் வயிற்றில் அது அடிக்கிறது. மெஷின் விலையைக் காட்டி அவளிடம் பேரம் பேசுவதும் அதே மாதிரிதான்.

கண்டுபிடிப்பது எப்படி என்று கேட்கிறீர்களா? துணியைத் திருப்பிப் பாருங்கள். மெஷினுக்கு மேலே ஒரு நூல், கீழே ஒரு நூல். மேலே சிவப்பு, மஞ்சள் என்று எத்தனை நிறம் மாறினாலும், பெரும்பாலும் கீழே ஒரே வெள்ளை நூல்தான் ஓடும். கையால் தைத்ததில் முன்பக்கம் இருக்கும் நிறமே பின்பக்கமும் இருக்கும். அங்கங்கே சின்ன முடிச்சு தெரியும். நூல் ஒரு இதழிலிருந்து அடுத்த இதழுக்குத் தாவிப் போயிருக்கும். அதைப் பார்த்துவிட்டுப் பிறகு விலையைக் கேளுங்கள்.