வெளுத்த பம்பரும் வேலைக்காரர் கூலியும்

பிரேசர் டவுனில் பல கார்களுக்குத் தெருதான் வீடு. மாஸ்க் ரோடு, கோல்ஸ் ரோடு ஓரங்களில் வெயிலிலும் மழையிலும் நிற்கின்றன. பெயிண்ட் பளபளக்கிறது. பம்பரின் கீழ் விளிம்பும் கதவோரப் பட்டையும் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. "கறுப்பாக்கிக் கோட்டிங் போடு" என்று கார்க்காரர் வாட்டர் சர்வீசுக்கு வருகிறார். ஒரு மணி நேரத்தில் வேண்டும் என்கிறார். தகராறு அங்கேதான் ஆரம்பம்.

அம்பாசடர், பியட் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. பம்பர் இரும்பு, குரோம் போனால் துரு பிடிக்கும், அவ்வளவுதான். இன்றைய கார்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் பாலிபுரொப்பிலின். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேல்தோலை அரிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. வெளிச்சம் அவற்றில் பட்டுச் சிதறுவதால் கறுப்பு வெளுத்துத் தெரிகிறது. பெங்களூர் குளுகுளு நகரம், இங்கே வெயில் என்ன செய்யும் என்று கேட்கலாம். இந்த ஊர் 900 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. 1000 மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் 10 சதவீதமாவது கூடும் என்பது கணக்கு. காற்று குளிர்ந்தால் கதிர் குறைந்துவிடாது.

நனைந்த சிலேட் கறுப்பாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும். மண்ணெண்ணெய், டீசல், மலிவான பாலிஷ் தடவுவதும் அதே கதைதான். வெடிப்பில் எண்ணெய் இருக்கும்வரை கறுப்பு. இரண்டு மழை பெய்தால் பழைய குருடி கதவைத் திறடி. அதோடு, அந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் கோட்டிங் ஒட்டாது. பாலிபுரொப்பிலின் சுபாவமாகவே எதையும் லேசில் ஒட்டவிடாத பொருள்.

ஆகவே உண்மையான வேலை கோட்டிங் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே நடக்கிறது. முதலில் மண்ணும் தூசியும் போகக் கழுவ வேண்டும். பிறகு பிசுக்கு நீக்கும் திரவம் போட்டு, பிளாஸ்டிக்கின் சொரசொரப்புக்குள் புகும்படி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நுரை அழுக்கில்லாமல் வரும்வரை திரும்பத் திரும்பத் தேய்க்க வேண்டியதுதான். முதுகை ஒடிக்கும் இடம் இது. தண்ணீர் ஊற்றிப் பார்த்தால் தெரியும்: முத்து முத்தாக உருண்டால் பழைய பாலிஷ் இன்னும் போகவில்லை.

குடிநீரில் வண்டி கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் 2024 மார்ச்சில் அறிவித்தது. போர்வெல் தண்ணீரில் கழுவுகிறவர்கள் அதைத் தானாகக் காயவிடக்கூடாது. உப்புத் திட்டு படியும். உடனே துடைத்து, இடுக்கெல்லாம் உலர்ந்தபின் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த சுத்தமான துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும். தின்னர் வேண்டாம், சில பிளாஸ்டிக்கை அது இளக்கிவிடும். பக்கத்துப் பெயிண்ட் மேல் படாமல் டேப் ஒட்டி, நிழலில், சூடில்லாத பிளாஸ்டிக்கின் மேல்தான் கோட்டிங் போட வேண்டும்.

இவ்வளவையும் செய்பவர் யார்? ஊரை விட்டு வந்து பிரஷ் பிடிக்கிற தொழிலாளி. கார்க்காரர் பாட்டிலின் விலையைக் கேட்கிறார். தேய்க்கிற நேரத்துக்கு விலை உண்டு என்று நினைப்பதில்லை. கடைக்காரரும் அவசரப்படுத்துகிறார். அடுத்த மாதம் கோட்டிங் திட்டுத் திட்டாக உரிந்தால் "பையன் சரியாகச் செய்யவில்லை" என்று பழி மட்டும் தொழிலாளி தலையில். இது என்ன நியாயம்?

தேய்க்கும் வேலைக்குத் தனிக் கூலி என்று கடைகள் பில்லிலேயே பிரித்துப் போட வேண்டும். போட்டால் கார்க்காரருக்கும் தாம் எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது விளங்கும். கையுறை கடையின் செலவு. நாள் முழுதும் ரசாயனத்தில் ஊறுகிற கையில் தோல் உரிவது தொழிலாளியின் தலைவிதி அல்ல.

மாலையே வண்டி வேண்டும் என்பவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதும் கடைக்காரர்தான். கோட்டிங் தண்ணீர் படாமல் இறுக ஒரு ராத்திரியாவது வேண்டும் என்று சொல்லி, "நாளைக் காலை" என்றே சீட்டில் எழுதிக் கொடுக்கட்டும்.